ஞாயிற்றுக்கிழமைச் சாலை: பொகோட்டா நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 16, சனி

தோழியின் வீடு மூன்றாவது மாடியில். ஏறி முடிப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன். கடல் மட்டத்திலிருந்து 2,640 மீட்டர் உயரத்தில், நம் ஊட்டியைவிட 400 மீட்டர் மேலே, எண்பது லட்சம் பேர் வாழும் கொலம்பியத் தலைநகரம் இது. திருச்சி வெயிலிலிருந்து கிளம்பி வந்தவளுக்கு இந்தக் காற்றில் பற்கள் கிடுகிடுத்தன. ஆகஸ்ட் இங்கே காற்று மாதம். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் பூங்காக்களின் மேலெல்லாம் பட்டங்கள் பறந்தன.

உள்ளே நுழைந்ததும் தோழி ஒரு பெரிய குவளையில் சூடாக வெல்லத் தண்ணீர் கொடுத்தாள். இவர்கள் அதை அகுவா தே பனேலா என்கிறார்கள். சுக்கும் ஏலக்காயும் போடாத பானகம் போல இருந்தது. அதற்குள் ஒரு துண்டு வெள்ளைப் பாலாடைக்கட்டியைப் போட்டு, அது இளகியதும் கரண்டியால் எடுத்துத் தின்கிறார்கள். வெல்ல உற்பத்தியில் இந்தியாவுக்கு அடுத்த இடம் கொலம்பியாவுக்கு. சைக்கிள் வீரர்களுக்கும் காலங்காலமாக இதுதான் தெம்பு.

மாலையில் ஒரு கடையில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்தோம். நாளுக்கு 35,000 பேசோ, வாரத்துக்கு மொத்தமாக 1,50,000. ஆயிரம் பேசோ நம் பணத்தில் ஏறக்குறைய 21, 22 ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "முழுக்கச் சர்வீஸ் செய்த வண்டி" என்று கடைக்காரர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்த நாளுக்காகத்தான் வந்தேன். ஞாயிறும் அரசு விடுமுறையும் வந்தால் காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை, பொகோட்டாவின் முக்கியச் சாலைகளில் 120 கிலோமீட்டருக்கும் மேல் மோட்டார் வண்டிகளுக்கு மூடப்படுகிறது. அந்த நேரத்தில் சைக்கிள், சறுக்குக் காலணி, தள்ளுவண்டிக் குழந்தை, சக்கர நாற்காலி, நாய், ஓடுபவர், நடப்பவர் எல்லோரும் சாலைக்கு வந்துவிடுகிறார்கள். இதற்குச் சிக்ளோவீயா என்று பெயர்.

ஆறரை மணிக்கே செப்டிமா சாலைக்கு இறங்கினோம். நகரத்தின் கிழக்கு மலையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடும் பழைய பெரிய சாலை அது. சீருடை அணிந்த இளைஞர்கள் ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். சாலையின் ஒரு பாதி நமக்கு, மறு பாதியில் கார்கள். ஏழு மணிக்குப் பத்து இருபது பேர். எட்டரைக்குப் பார்த்தால் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். ஆனால் தள்ளுமுள்ளு இல்லை. முந்திச் செல்பவர் இடப்பக்கம் வருவதாகக் குரல் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி நடுச்சாலையில் திடீரென்று நின்று ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றி வளைந்து போனார்கள். யாரும் அவளையும் திட்டவில்லை, அவள் அப்பாவையும் முறைக்கவில்லை.

குறுக்குச் சாலை வரும் இடங்களில் மட்டும் கார்களுக்கு வழி விட வேண்டும். அங்கே சிக்ளோவீயா காவலர்கள் நிற்கிறார்கள். போலீஸ் அல்ல, மாநகராட்சியின் விளையாட்டுத் துறை அமர்த்தியிருக்கும் இளைஞர்கள். கையில் ஒரு பலகை. ஒரு பக்கம் "நில்", மறு பக்கம் "போ". ஒரு சந்திப்பில் இருபது வயது இருக்கக்கூடிய பெண் ஒருத்தி நின்றிருந்தாள். பெரிய கறுப்புக் கார் ஒன்று கோட்டைத் தாண்டி அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. அவள் பதறவில்லை. சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, பானெட்டுக்கு நேர் முன்னால் போய் நின்று பலகையை உயர்த்திப் பிடித்தாள். கார் நின்றது. எங்கள் கூட்டம் முழுவதும் கடந்த பிறகு ஓட்டுநருக்குத் தலையசைத்து நன்றி சொல்லிவிட்டு விலகினாள். அவரும் பதிலுக்குக் கையைத் தூக்கினார்.

26-ஆம் தெரு பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் என் பின் சக்கரம் பஞ்சர். கவலைப்பட நேரமே இல்லை. ஐம்பது அடியில் ஒரு தார்ப்பாய், அதன் கீழே பெரியவர் ஒருவர், ஒரு காற்றடிக்கும் பம்பு, தண்ணீர் நிறைந்த பெயிண்ட் டப்பா. வழி நெடுக இப்படிப்பட்ட கடைகள் இருக்கின்றன. டயர் உதட்டை இரண்டு கரண்டிகளால் நெம்பி, டியூபை உருவி, தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டும் முன் வாயால் ஊதிக் காயவைத்தார். ஒட்டிய பிறகும் விடவில்லை. டயரின் உள்பக்கம் முழுவதையும் விரல் நுனியால் தடவிப் பார்த்து, பொடிக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதை எடுக்காமல் விட்டிருந்தால் அடுத்த தெருவில் மறுபடி பஞ்சர்தான். கூலி 6,000 பேசோ.

பக்கத்துச் சாறுக் கடையில் ஆரஞ்சுச் சாறு 5,000. அங்கே பேச்சுக் கொடுத்த முதியவர் ஒருவர் முதல் நாளே இந்தச் சாலையில் ஓட்டியவராம். 1974 டிசம்பர் 15, ஞாயிறு. நகரம் கார்களுக்காக அகலமாகிக்கொண்டிருந்த காலம். ஹைமே ஓர்த்தீஸ் மரீன்யோ என்ற கட்டடக் கலைஞரும் அவர் நண்பர்களும் நகர நிர்வாகத்திடம் பேசி, இரண்டு பெரிய சாலைகளை மூன்று மணி நேரம் மூடவைத்தார்கள். சைக்கிளுக்கு ஆதரவான பேரணி என்று அழைத்ததற்குச் சுமார் 5,000 பேர் வந்தார்கள். 1976-இல் மேயர் லூயிஸ் பிரியெத்தோ ஒகாம்போ அதை அதிகாரபூர்வ நிகழ்வாக்கினார். பிறகு ஏறியும் இறங்கியும் போய், 1990-களின் நடுவில் வெறும் 13 கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடந்ததைப் பூங்காத் துறையின் பொறுப்புக்கு வந்த கியெர்மோ பெனலோசா நூறு கிலோமீட்டருக்கு மேல் நீட்டினார்.

"அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணனின் சைக்கிள். சாலை இவ்வளவு அகலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது" என்றார் முதியவர். தோழி மொழிபெயர்த்துச் சொன்னாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்றும் சாலை நமக்கு. கொலம்பியாவில் 1983-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, பல பண்டிகை விடுமுறைகளை அடுத்து வரும் திங்கட்கிழமைக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்பு விழா இன்றைக்கு நகர்ந்துவிட்டது.

தெற்கே போனோம். வடக்கில் விலையுயர்ந்த சைக்கிள்கள், பளபளக்கும் உடைகள், ஒரு கோப்பைக் காப்பி 7,000 பேசோ. தெற்கே போகப் போக எல்லாம் மாறுகிறது. பிரிமேரோ தே மாயோ சாலையில் அதே காப்பி சிறிய பிளாஸ்டிக் கோப்பையில் 1,500. ஒரே சைக்கிளில் மூன்று பேர், பின்னால் கூடை கட்டிய அம்மா, காற்றில்லாத டயரோடு சளைக்காமல் மிதிக்கும் பையன்கள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அரேப்பா என்ற சோள ரொட்டி 4,000 பேசோ. வாங்கிய சூட்டில் கைவிரல்கள் உயிர்பெற்றன. கடைக்கார அம்மாள் என்னை "வேசி" என்று கூப்பிட்டபோது திடுக்கிட்டுத்தான் போனேன். பக்கத்து வீட்டுக்காரரை அன்போடு அழைக்கும் சொல்லாம், முன்பின் தெரியாதவர்களையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இன்னும் வேண்டுமா என்று கேட்காமலே கொஞ்சம் உப்பு வெண்ணெய் தடவினார்.

கென்னடி என்ற பெரும் பகுதி வரை போய்த் திரும்பினோம். 1961 டிசம்பரில் அமெரிக்க அதிபர் கென்னடி இங்கே வந்து, பழைய விமான நிலைய நிலத்தில் உழைக்கும் மக்களுக்கான வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். அவர் கொல்லப்பட்ட பிறகு மக்கள் ஊருக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். நகரத்தில் அதிகமாகச் சைக்கிள் ஓட்டுபவர்கள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாள் முழுக்கத் தூறல். கால்களை அசைக்க முடியவில்லை. ஆஹியாக்கோ சாப்பிட்டுப் படுத்துக்கொண்டேன். மூன்று வகை உருளைக்கிழங்கும் கோழியும் சோளக் கதிரும் குவாஸ்காஸ் என்ற ஒரு கீரையும் சேர்ந்த கெட்டிச் சூப். 28,000 பேசோ கொடுத்ததற்கு இரண்டு வேளைப் பசி தீர்ந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

இரவு ஊர்வலத்துக்குப் போனோம். வாரநாள் இரவுகளில் இப்படிச் சைக்கிள் குழுக்கள் கூடிச் சுற்றுவது இந்த நகரத்தில் வழக்கம். கட்டணம் இல்லை, பதிவு இல்லை. விளக்கும் தலைக்கவசமும் இருந்தால் போதும். குழுவின் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசியில் வருபவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. இந்த ஒரு விதியை அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. மேடு ஏற முடியாமல் நான் திணறியபோது, முன்பின் அறியாத இளைஞன் ஒருவன் பக்கத்தில் வந்து, என் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தான். மேலே போனதும் ஒன்றும் பேசாமல் அடுத்தவரைத் தள்ளப் போய்விட்டான்.

அங்கே சந்தித்த பெண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். 2016-இல் வந்த 1811-ஆம் எண் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். அரசு ஊழியர் முப்பது முறை சைக்கிளில் வேலைக்கு வந்ததாக உறுதிசெய்தால் அரை நாள் சம்பளத்தோடு விடுமுறை. இவர் அதைச் சேர்த்துவைத்து மகளின் பிறந்தநாளுக்கு எடுக்கிறாராம். சட்டப் புத்தகத்தில் இவ்வளவு இதமான ஒரு வரியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

கூட்டமாகப் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சைக்கிள் பறிப்பு. தனியாகப் போனால், முக்கியமாக மேம்பாலங்களுக்குக் கீழே, கத்தியைக் காட்டிப் பிடுங்கிவிடுகிறார்கள். தோழியின் குடியிருப்புக் காவலாளி இரண்டு வண்டிகளை அப்படி இழந்திருக்கிறார். அதனால் தெற்குப் பகுதித் தொழிலாளர்கள் நேரம் பேசிக்கொண்டு, ஓரிடத்தில் கூடிச் சேர்ந்தே வீடு திரும்புகிறார்கள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் இந்த ஊரைப் பாதிதான் பார்த்ததாகும் என்று தோழி விடாமல் சொன்னாள். விடியுமுன் ட்ரான்ஸ்மிலேனியோ பஸ் பிடித்து மறுபடி கென்னடி பக்கம் போனோம்.

ஐந்தே முக்கால் மணி. லாஸ் அமெரிக்காஸ் சாலையை ஒட்டிய சைக்கிள் பாதையில் விளக்குகள் வந்துகொண்டே இருந்தன. கட்டட வேலைக்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள், சமையல்காரர்கள், இரவுப் பணி முடித்துத் திரும்பும் காவலாளிகள். முதுகில் பை, அதற்குள் மதியச் சாப்பாடு, மேலே ஒளிரும் பட்டை போட்ட மேலங்கி. யாரும் சிரித்துப் பேசிக்கொண்டு போகவில்லை, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

2025-இல் பஸ் கட்டணம் ஒரு தடவைக்கு 3,200 பேசோவாக இருந்தது. போக வர மாதம் 25 நாள் என்று வைத்தால் 1,60,000. அப்போது இங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளமே 14 லட்சம் பேசோவுக்குச் சற்று மேல்தான். நிரந்தர வேலையில் இருப்பவருக்குப் பயணப்படி உண்டு. தெருவில் விற்பவருக்கும் தினக்கூலிக்கும் அதுவும் கிடையாது. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் பிடித்துத் தருகிறது இந்தச் சைக்கிள். 1990-களின் கடைசியில் என்ரிக்கே பெனலோசா மேயராக இருந்தபோது பிரித்துக் கட்டத் தொடங்கிய சைக்கிள் பாதைகள் இன்று 600 கிலோமீட்டர் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. 2020-இல் கொரோனா வந்தபோது மேயர் கிளவுதியா லோபேஸ் சாலையில் கூம்புகளை வைத்தே பல பத்து கிலோமீட்டர் தற்காலிகப் பாதைகள் போட்டார். பதவியேற்புக்கே சைக்கிளில் வந்தவர் அவர்.

பாதை நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஓரிடத்தில் மூடியில்லாத சாக்கடைக் குழி, இன்னோரிடத்தில் பாதை நடைமேடையில் ஏறி மின்கம்பத்தில் முட்டி முடிகிறது. ஒரு சந்திப்பில் முழுக்க வெள்ளை அடித்த சைக்கிள் ஒன்றைக் கம்பத்தோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். அங்கே லாரி மோதி இறந்தவருக்கு அவர் கூட்டாளிகள் வைத்த நினைவுச் சின்னம். ஹேண்டில் பாரில் பிளாஸ்டிக் கார்னேஷன் பூக்கள். கடந்து போனவர்களில் சிலர் ஓட்டியபடியே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பாத்தியோஸ் ஏற்றம். நகரத்திலிருந்து லா கலேரா ஊருக்குப் போகும் மலைப்பாதையில் சுங்கச்சாவடி வரை ஏறக்குறைய 6, 7 கிலோமீட்டர். மூவாயிரம் மீட்டர் உயரத்துக்குப் போகிறது. உள்ளூர்க்காரர்கள் வேலைக்கு முன் ஏறி இறங்கிவிட்டுப் போகிறார்கள். சைக்கிள் பந்தய வீரர்களான நைரோ கின்தானாவையும் 2019-இல் டூர் தே பிரான்ஸ் வென்ற எகான் பெர்னாலையும் ஈன்ற மலைத்தொடர் இது. பெர்னாலின் சொந்த ஊர் சிப்பக்கிரா இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். பாதி தூரம் தள்ளிக்கொண்டே போனேன். மேலே கொய்யாப்பழ அல்வாத் துண்டு ஒன்றும் வெல்லத் தண்ணீரும் 5,000 பேசோ.

இறக்கத்தில் பின் பிரேக் தளர்ந்துகொண்டே வந்து ஒரு வளைவில் ஒயர் அறுந்துவிட்டது. முன் பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்து, மண் ஓரத்தில் இறங்கி நின்றேன். பார்த்தால் ஒயரின் இழைகள் பாதிக்கு மேல் பழைய துரு. வாடகைக் கடையில் கேட்டதற்கு, ஒயர் என் கணக்கில்தான் என்று சாதித்தார்கள். மலையில் ஓட்ட வாடகைக்கு விடும் வண்டியின் பிரேக்கைப் பார்க்காதவர்கள் எந்த முகத்தோடு காசு கேட்கிறார்கள்? தோழி அரை மணி நேரம் குரல் உயர்த்தாமல் வாதாடினாள். கொடுக்காமல்தான் வந்தோம்.

ஆகஸ்ட் 23, சனி

சிமோன் பொலிவார் பூங்காவில் மாநகராட்சி நடத்தும் சைக்கிள் பள்ளியைப் பார்த்தேன். இலவசம். குழந்தைகளோடு பெரியவர்களும் வருகிறார்கள். பெடல்களைக் கழற்றிவிட்டு, இருக்கையைத் தாழ்த்தி, முதலில் காலால் உந்தி உந்திச் சமநிலை பழக்குகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு உந்தினார். கால்கள் இரண்டும் ஒரு கணம் தரையை விட்டு எழுந்தன, உடனே பயந்து ஊன்றினார். மறுபடி. பயிற்சி தரும் பெண் இருக்கையைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் நடந்தார், அவ்வளவுதான். அந்த அம்மாள் பத்தடி தொடர்ந்து போனதும் மற்ற மாணவிகள் கைதட்டினார்கள்.

என் அம்மா புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தபோது, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊருக்கு வெளியே பொட்டலில் பழகியவர். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். ஊர் கேலி பேசியது, பிறகு பழகிக்கொண்டது. அம்மா என்னைக் கேரியரில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார். இதைத் தோழி மூலம் சொன்னேன். பயிற்சியாளர் ஆண்டைக் கேட்டுத் தன் கைபேசியில் குறித்துக்கொண்டார். அந்த அம்மாள் மட்டும், "உன் அம்மா இப்போதும் ஓட்டுகிறாரா?" என்று கேட்டார். ஓட்டுகிறார், கடைத்தெருவுக்கு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று ஒன்றரை மணிக்கு மேல் சந்திப்பு ஒன்றில் நின்று, சாலை எப்படித் திரும்புகிறது என்று பார்த்தேன். ஒன்று ஐம்பதுக்கே கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. காவலர் இளைஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டு மணி அடிக்கும் வரை ஒரு கூம்பும் நகரவில்லை. ஒரு காரோட்டி இறங்கி வந்து சத்தம் போட்டார். வரிசையில் நின்ற டாக்ஸி ஓட்டுநரே அவரை அடக்கினார்: "அவர்கள் நேரம் இன்னும் முடியவில்லை, ஐயா."

இந்தப் பழக்கம் தானாக நிலைத்துவிடவில்லை. 2007-இல் சிக்ளோவீயாவின் நேரத்தைக் குறைக்கும் மசோதா ஒன்று நாடாளுமன்றத்துக்கே போனது. ஓட்டுபவர்கள் திரண்டு எதிர்த்தார்கள், அது நிறைவேறவில்லை. காவலரிடம் மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மழைச் சட்டை போடுவோம் என்றார். அவர் வீடு போசாவில். பணி முடிந்து ஒரு மணி நேரம் மிதித்துப் போக வேண்டும். நாளை காலையும் அதே வண்டியில்தான் கல்லூரிக்கு.

நம் ஊர்களிலும் ஞாயிற்றுக்கிழமை வீதித் திருவிழாக்கள் நடக்கின்றன. மேடை, ஒலிபெருக்கி, நடனம், பெரிய மனிதர்கள். சில வாரங்களில் நின்றுவிடுகின்றன. எனக்கு மேடை வேண்டாம். திருச்சி தில்லை நகர் பிரதான சாலை, ஞாயிறு காலை 6 மணி முதல் 9 மணி வரை, மழையோ தேர்தலோ பண்டிகையோ எதுவானாலும் வாரந்தவறாமல் வேண்டும். கூம்பு வைக்க இருபது இளைஞர்களும், பஞ்சர் ஒட்ட இரண்டு பேரும், சைக்கிள் கற்க விரும்பும் பெண்களுக்குச் சாலையின் ஒரு துண்டும் போதும். ஊர் திரும்பியதும் மாநகராட்சிக்கு மனு எழுதப் போகிறேன். கையெழுத்துப் போடவும் கூம்பு தூக்கவும் வருகிறவர்கள் எனக்கு எழுதுங்கள்.